முதலில் உள்ளே

ஏப்ரலிலும் சுப்பீரியர் ஏரிக் காற்று பல்லைக் கிட்டுகிறது.
பத்துக் குளிர்காலத்துச் சாலை உப்பு
டிரக்கின் வயிற்றில் செதில் செதிலாய்.

அட்டையை விரித்து மல்லாந்து கிடக்கிறேன்.
பம்பின் ரிலேயைப் பிடுங்கி
எஞ்சின் இருமி அடங்கும்வரை ஓடவிட்டாயிற்று.
ஃபில்டரின் ஒரு முனை சொன்னபடி கேட்டது.
மறுமுனை,
விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போடாமல்
மூன்று வருஷம் இழுத்தடித்தவன் மாதிரி.

துரு எண்ணெய். நீலக் கிளிப். வசவு.
இழுக்க இழுக்க
நைலான் குழாய் முறுகியது,
முட்டித் தோல் போனது.

டார்ச் பிடித்திருப்பவன் அவன் தம்பி ராவ்னோ.
காட்டு நில வழக்குக்குப் பின் பேச்சே இல்லை.
இன்று வாசலில் வண்டியை நிறுத்தினான்;
ஏனென்று நானும் கேட்கவில்லை.

"உள்ளே தள்ளு, இர்யா."
"இது வெளியே வரணும்."
"தெரியும். முதல்ல உள்ளே."

தள்ளினேன்.
மணல் நெறுநெறுத்தது.
கிளிப்பை அமுக்கி இழுத்தால்
டக்.
பெட்ரோல் மணிக்கட்டில் இறங்கி
சட்டைக்குள் ஓடி
அக்குளில் பனியாய் நின்றது.

கத்தினேன். அவன் சிரித்த சிரிப்பில்
டார்ச் ஆடி, வெளிச்சம் முழுக்க என் முகத்தில்.

"புதுசுல அம்புக்குறி இருக்கும்,
எஞ்சினைப் பார்க்கணும்."

பார்த்தேன்.
தலைகீழாய்ப் பிடித்திருந்தேன்.