சத்தமில்லாமல் இறக்குவது

பத்தொன்பது வருடம்
என் கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தே
சம்பாதித்தேன்.
கிடினியா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன்.
நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கூண்டு,
தரை முழுக்கக் கண்ணாடி.
அதற்குக் கீழே கப்பல், பெட்டிகள், எறும்பளவு ஆட்கள்,
ஈய நிறத்தில் பால்டிக் கடல்.

கழுத்து அந்தக் கோணத்திலேயே தங்கிவிட்டது.
கடையில் மேல்தட்டு வெள்ளரி ஊறுகாயை
யாரையாவது எடுத்துத் தரச் சொல்ல வேண்டும்.
"போகுமிவா, தரையில் காசு தேடுகிறாயா?" என்பான்
கீழே கொக்கி மாட்டும் ஷெமோவித்.

மருத்துவர் எழுதித் தந்தது மாத்திரை அல்ல,
பிலாட்டீஸ்.
அது பாலே ஆடுகிறவர்களின் சமாச்சாரம் என்றிருந்தேன்.
நான் தொண்ணூற்றொரு கிலோ.
படியேறினால் என் முழங்கால் எனக்கு முன்னால் பேசும்.

டயர் கடைக்கு மேல்மாடி.
செவ்வாய் மாலை, ரப்பர் வாசம், ஏழு பேர்:
ஒரு பல் மருத்துவர்,
படகுக்குப் பாய் தைக்கும் யாகோதா,
பிள்ளை பெற்று நான்கு மாதமான ஒருத்தி,
மற்றவர்கள் பெயர் இன்னும் பிடிபடவில்லை.
ஆசிரியை ஹால்ஷ்கா என் தோளுக்கு வரமாட்டாள்.
சாம்பல் கம்பளிக் காலுறையில்
சத்தமே இல்லாமல் நடப்பாள்.

முதல் வகுப்பு முழுக்க
மல்லாந்து படுத்து மூச்சு விட்டோம்.
மூச்சு விடவா ஐம்பது ஸ்வாட்டி?
"விலாவைக் குடைபோல் மடக்குங்கள்" என்றாள்.
என் குடை விரிந்தபடியே துருப்பிடித்திருந்தது.

நூறு என்று ஒரு பயிற்சி.
தலையும் காலும் தூக்கி, கைகளால் காற்றைத் தட்டி
நூறு வரை எண்ண வேண்டும்.
நாற்பத்திரண்டில் வயிறு நடுங்கத் தொடங்கியது.
பல் மருத்துவர் கூரையைப் பார்த்துக்கொண்டார், நல்ல மனிதர்.

முதுகெலும்பை ஒரே கம்பி என்று நினைத்திருந்தேன்.
அது சங்கிலியாம்.
கண்ணி கண்ணியாகத் தரையில் வை என்றாள்.
வைத்தேன், ஒன்று, இரண்டு, மூன்று,
அப்புறம் அடிப்பக்கத்து ஐந்தும் மொத்தமாக விழுந்தன.

மூன்றாம் வாரம் சறுக்குக் கட்டில்.
இரண்டு சிவப்பு வில்களை மாட்டி, படுத்து, காலால் தள்ளு.
தள்ளினேன். எனக்கென்ன, பலத்துக்குக் குறைச்சலா?
காலை மடக்கினேன்.
டமார்.
எல்லாத் தலையும் திரும்பின.
கீழே டயர்க்காரன் ஏதோ கத்தினான்.

"தள்ளுவது பாதிதான்" என்றாள் ஹால்ஷ்கா.
"வில் இழுக்கும். அதன் போக்கில் போகாதீர்கள்.
சத்தமில்லாமல் வாருங்கள்."

படுத்தபடியே சிரித்துவிட்டேன்.
பெண்ணே, இது என் தொழில்.
முப்பது டன்னைத் தூக்குவது மோட்டார்.
இறக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
பக்கக் காற்றில், ஊசலாடும் வடத்தில்,
தட்டில் முட்டை வைப்பதுபோல் வைக்க வேண்டும்.
அங்கே ஷெமோவித்தின் விரல்கள் இருக்கும்.
என் சொந்தக் கால்களை மட்டும்
ஒருநாளும் அப்படி இறக்கியதில்லை.
நாற்காலியில் விழுவேன், கட்டிலில் விழுவேன்.

மறுபடி தள்ளினேன்.
மெல்ல வந்தேன், வடத்தை விடுவதுபோல,
தொடையின் உள்பக்கம் தீப்பிடிக்க, உதடு கடித்து.
கட்டில் வந்து நின்றது தெரியவில்லை.
யாரும் திரும்பவில்லை.

மே மாதம். செருப்பு வாருக்கும் விரலுக்கும்
இன்னும் நான்கு விரற்கடை தூரம்.
முழங்கால் பேசுவதை நிறுத்தவில்லை.
ஊறுகாயை நானே எடுக்கிறேன்.

நேற்றுக் கூண்டில், இரண்டு பெட்டிகளுக்கு நடுவே,
கழுத்தை நிமிர்த்தினேன். போனது. இன்னும் போனது.
மேலே ஒரு கடற்காகம்.
இத்தனை வருடம் அவற்றின் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன்.
வயிறு அவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்று
ஒருவரும் சொன்னதில்லை.

ரேடியோ கரகரத்தது:
"போகுமிவா, தூங்கிவிட்டாயா? பெட்டி தொங்குகிறது."

வருகிறேன், வருகிறேன்.