நான்கெல்லை

புதுக்கடையில், சட்டத்தரணிகளின் கறுப்புக் குடைகள்
தண்ணீர் சொட்டும் ஒரு மாடிப்படிக்கு மேலே
உட்கார்ந்து பெயர்ப்பவள் நான்.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி,
முத்திரைக்குத் தனிக் காசு.

இன்று வந்தது குத்தகை விண்ணப்பம்:
அரச காணி, ஐந்து ஏக்கர்.
காணி என்கிறது படிவம்.
வரைபடத்தில் மரமில்லை, கிணறில்லை.
வற்றுக்கு முழங்கால்
பெருக்குக்கு நெஞ்சு,
அதுதான் அந்தக் காணியின் ஆழம்.

கொண்டுவந்தவள் செலஸ்தீனா.
மன்னாரிலிருந்து இரவு பஸ்ஸில்,
வலைக்கும் கம்பிக்கும் கொடுத்த பற்றுச்சீட்டுகளை
ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கிக்கொண்டு.
காப்பு இரண்டும் அடகில்,
அந்தச் சீட்டும் டின்னுக்குள்தான்.
"கடதாசி இருந்தாத்தான் வங்கி கதைக்கும்.
இல்லாட்டி நான் கடலுக்குள்ள
வேலி போட்ட கள்ளி."

அட்டை வளர்க்கப் போகிறாள்.
சிங்களத்திலும் அது அட்டைதான்.
ஆங்கிலம் மட்டும் வெள்ளரிக்காய் என்கிறது.
தோட்டம் என்று நினைத்துத்தான்
முதலில் காணிக் கந்தோருக்கு அனுப்பினார்களோ என்னவோ.
அங்கிருந்து மாளிகாவத்தை,
மாளிகாவத்தையிலிருந்து பத்தரமுல்லை.
பத்தரமுல்லையில் ஒருவர்
சிங்களத்தில் கொண்டுவரச் சொல்லி
என் விலாசத்தை பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதினாராம்.
டிக்கெட்டை இன்னும் கையில் வைத்திருந்தாள்,
அதுவும் ஒரு பத்திரம் போல.

போன கிழமை ஒரு கம்பனிக்கு
இருநூறு ஏக்கர் பெயர்த்தேன்.
தடித்த தாள், வண்ணப் படங்கள்,
அதே குடா.
"தற்போதைய பாவனை: இல்லை."
இல்லை என்பது
மூன்று மொழியிலும் சின்னச் சொல்.
எழுத ஒரு நிமிடம் போகவில்லை.

அதை அவளிடம் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு அட்டவணை.
நான்கெல்லை.
நில அளவையாளர் எழுதியிருந்தார்:
வடக்கே நீர். கிழக்கே நீர்.
தெற்கே நீர். மேற்கே நீர்.
கீழே தூரம், பாகை, ஒப்பம்.

வாசித்துக் காட்டினேன்.
பிளேன்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள்.
"எல்லாம் ஒரே தண்ணியோ பிள்ளை?
தெற்க சாதாழை, இறால் குஞ்சு ஒதுங்குற இடம்.
அதில கம்பி நடமாட்டன்.
கிழக்க கல்லு.
வடக்க தாழ்ந்துபோன வள்ளம், பேரில்லாதது.
மேற்கால கபிரியேல் வலைக்குப் போறவன்.
அவனுக்குப் பாதை விடோணும், எழுதுங்கோ.
இண்டைக்கு விடுவன்,
நாளைக்கு அட்டை விலை ஏறினா
என்ர மனமும் மாறும்.
அதுதான் எழுதச் சொல்லுறன்."

படிவத்தில் அதற்கு நிரல் இல்லை.
பெயர்ப்பவள் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.
சத்தியம் செய்து வாங்கிய முத்திரை இது.
வெளியே மழை, நீதிமன்ற மணி,
படியில் யாரோ வழுக்கி விழுந்து
யாரையோ திட்டும் சத்தம்.

வடக்கே நீர் என்று அடித்தேன்.
கிழக்கே நீர். தெற்கே நீர்.
மேற்கே என்று அடித்து
நின்றேன்.

நாலே முக்காலுக்கு அவள் பஸ்ஸுக்குப் போனாள்.
ஆறாம் நாள் பத்தரமுல்லையிலிருந்து அழைப்பு.
"மிஸ், மேற்கு எல்லையில்
ஓர் ஆளின் பெயர் இருக்கிறதே.
அவர் காணிச் சொந்தக்காரரா?"

இல்லை, என்றேன்.

"அப்ப யார்?"

பாவனை, என்றேன்.
தற்போதைய பாவனை.

மறுமுனையில் பேனா மூடி கழரும் சத்தம்.
எழுதினாரா, வெட்டினாரா,
தொலைபேசியில் இரண்டும் ஒரே சத்தம்தான்.