மூன்றாவது ஆள்

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில்
மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
இரவு பத்துக்கு எங்களுக்கு அமெரிக்கா விடியும்.
கையால் ஆடுவார்கள், பெயர் கால்பந்து.
ஆட்டத்துக்கு அறுபது சொச்சம் துண்டு.
நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கட்டத்தில் குறிக்க வேண்டும்:
எறிந்தானா, ஓடினானா,
முடிவு சரியா, தவறா.

பத்தொன்பதாம் எண்காரனின் முகம் தெரியாது,
கம்பிக்கூண்டுக்குள் இருக்கிறது.
கழுத்து திரும்புவது தெரியும்.
இடப்பக்கத்தவனைப் பார்ப்பான், நடுவில் ஒருவனைப் பார்ப்பான்,
மூன்றாவது ஆளைப் பார்க்கமாட்டான்.
அதற்குள் கால் கிளம்பிவிடும்.

ஓடினால் அழகுதான்.
ஆனியில் மதகு திறந்ததும்
காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர்
இடம் தேடி நெளிந்து போகுமே, அப்படி.

"ஓடத்தான் தெரியும் இவனுக்கு" என்பான் கித்தேரியான்,
உவரிக் கடற்கரையில் பந்து உதைத்தவன்.
"எறியத் தெரிஞ்சவன் எதுக்கு ஓடுதான்?"
நானும் குறித்தேன்: தவறு. தவறு. தவறு.
வலது ஓரத்தில் ஒருத்தன் தனியாகக் கைதூக்கி நிற்பது
எனக்குத் தெரிகிறதே.

நாற்பத்து மூன்றாம் துண்டில் கேமரா
மேலே இல்லை. அவன் முதுகுக்குப் பின்னால், தரையோடு.
களத்தையே காணோம்.
தோள்கள், தூக்கிய கைகள், இன்னும் தோள்கள்,
தென்காசிக் கடைசி பஸ்ஸின் படிக்கட்டில் நிற்பது மாதிரி.
மூன்றாவது ஆள் இருக்கிறான் என்று
யாராவது சத்தியம் செய்தால்தான் உண்டு.

கால் ஒருமுறை துடித்தது. ஓடவில்லை.
ஆளில்லாத புல்லுக்கு எறிந்தான்.
விலாவில் அடி விழுந்தது எறிந்த பிறகா, முன்பா,
பிரேம் பிரேமாக நகர்த்தியும் பிடிபடவில்லை.
பந்து இறங்கும்போது
அந்தப் புல்லில் ஒருவன் இருந்தான்.

'சேர்ந்தது' என்று ஒரு கட்டம் உண்டு, குறித்தேன்.
அவன் எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரத்துக்குக்
கட்டம் கிடையாது.

பதினொன்றாம் துண்டுக்குத் திரும்பினேன்.
பூட்டியிருந்தது.
அனுப்பிய பின் திருத்தக் கூடாது.
நான் போட்ட இருபத்தொரு தவறு
இந்நேரம் எந்த ஊர் மேசையில் இருக்கிறதோ.

மணி நாலேகால்.
கீழே யாரோ ஷட்டரைத் தட்டிக்கொண்டே இருந்தார்,
தோளில் குழந்தை.
கடைக்காரர் பின்வாசல் வழியே போய் ரொம்ப நேரம் ஆயிற்று,
மேலிருந்து பார்த்த எனக்குத் தெரியும்.
ஜன்னலைத் திறந்து கத்தினேன்:
"ஐகிரவுண்டுக்குப் போங்க,
ஆஸ்பத்திரிக்கு எதிர்ல ஒரு கடை திறந்திருக்கும்!"

வண்டி கிளம்பிப் போய்விட்டது.
திறந்திருக்கும்
என்றுதான் நினைக்கிறேன்.