வெள்ளை அட்டை

மார்ச்:
ஹேண்டில்பார் ஒரு அங்குலம் மேலே,
சீட் ஐந்து நூல் கீழே.
மின்வாரிய வெள்ளை அட்டையில்
தேதி போட்டு எழுதியிருக்கிறேன்.
முப்பத்தோரு வருஷம் அடுத்த வீட்டு அட்டைகளில் எழுதிய கை.
ஓய்வுபெற்ற அன்று எழுதாத அட்டை நான்கைந்து
பையிலேயே தங்கிவிட்டன.
திருட்டு என்றால் திருட்டுதான்.

முதலில் விரல்கள்.
சுண்டு விரலும் அதற்குப் பக்கத்து விரலும்
கொன்னூர் ஹைரோட்டில் பிரேக் பிடிக்கையில்
வேறு யாரோ பிடிப்பதுபோல் இருந்தன.

ஓட்டேரியில் ரெஜினாவின் கடை.
பஞ்சர் ஒட்டுவது புருஷன்,
அளவு பார்ப்பது அவள்.
"எந்தக் கை சார் மொதல்ல மரத்துச்சு?"
"வலது."
"கழுத்து திரும்புதா?"
இடது பக்கம் வேளாங்கண்ணி காலண்டர் வரை போனது.
வலது பக்கம் காத்தடிக்கிற பம்போடு நின்றுவிட்டது.
ஆஸ்பத்திரியில் யாரும் கேட்காததையெல்லாம்
ஸ்பேனரைத் துடைத்தபடி கேட்டாள்.
சீட்டின் மூக்கை ஒரு நூல் தாழ்த்தினாள்.
ஹேண்டிலைத் தூக்கியபோது
தண்டில் ஒரு கோடு தெரிந்தது.
"இதான் லிமிட்டு.
இதுக்கு மேல தூக்குனா
என்னிக்காவது கையோட வந்துரும்."

என் கோடு எங்கே என்று
தவமணிக்குத் தெரியும்போல.
பரணிலிருந்து அண்டா இறக்க
என்னைக் கூப்பிடுவதை
போன தீபாவளியோடு நிறுத்திவிட்டாள்.

ஏப்ரல் கடைசி, ஜமாலியா சிக்னல்.
இறங்கத் தூக்கிய கால் பாரைத் தாண்டவில்லை.
தாண்டிவிட்டதாக நினைத்து
நான் மட்டும் இறங்கிவிட்டேன்.
மெதுவாகத்தான் சாய்ந்தேன்,
சாய்கிறோம் என்று யோசிக்கவே நேரம் இருந்தது.
தண்ணீர் கேன் போடுகிற பையன் ஓடிவந்து
முதலில் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினான்.
பிறகு என்னை.

மே, ஜூன்: கதவு பூட்டு.
ஆளில்லாத வீட்டுக்கு அப்படித்தான் எழுதுவோம்.
ஆள் உள்ளேதான் இருந்தேன்,
வீங்கிய முட்டியைத் தலையணையில் ஏற்றிக்கொண்டு.

"பார் இல்லாத வண்டி ஒண்ணு இருக்கு சார்."
"லேடீஸ் சைக்கிளா?"
"பார் இல்லாத வண்டி."
ரோஸ் கலர். முன்னால் கூடை வேறு.
பார்த்துச் சொல்கிறேன் என்று வந்தவன்
நாலு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.
மூன்று தெரு தள்ளி இருக்கும் பாங்க்குக்கும்
பஸ்ஸில் போனேன்.
ஐந்தாம் நாள் பஸ்ஸில்
ஒரு அம்மா எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள்.
அவளுக்கே அறுபது இருக்கும்.
கணுக்காலில் கட்டுப் போட்டிருந்தாள்.
உட்காராமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி
நேராக ரெஜினாவிடம் போனேன்.

பழைய சீட்டைக் கழற்றி இதில் மாட்டச் சொன்னேன்.
அதன் பள்ளங்கள் நான் போட்டவை.
வலது கைப்பிடியில் ஒரு கண்ணாடி,
கழுத்து போகாத இடத்துக்குப் போய்வர.
முதலில் அதில் என் காது மட்டும் தெரிந்தது,
முடி முளைத்த காது.
இரண்டு திருகு திருகியதும்
பின்னால் 29சி தெரிந்தது, ரொம்பக் கிட்டத்தில்.

தவமணி கூடையைத்தான் பார்த்தாள்.
"இப்பதான் உருப்படியா ஒரு வண்டி."
அரைக் கிலோ சின்ன வெங்காயம், ரின் சோப்பு,
ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டதா என்று ஒரு எட்டு.

பெரம்பூர் பாலத்தில் பாதியில் மூச்சு வாங்கியது.
இறங்கினேன்.
வாசற்படி இறங்குவதுபோல் அத்தனை சுலபம்,
யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
உச்சிவரை தள்ளிப்போய்
ஏறி உட்கார்ந்து
சரிவில் பிரேக்கைத் தொட்டுப் பார்த்தேன்.
சுண்டு விரல் இருக்கிறது.
எறும்பு ஊர்கிற மாதிரி, ஆனால் இருக்கிறது.
கீழே ஷேர் ஆட்டோவிலிருந்து எவனோ
"ஆன்ட்டி வண்டி!" என்றான்.

ஜூலை:
புது வண்டி, பழைய சீட்.
ஹேண்டில் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே.
குறிப்பு:
மணி கொஞ்சம் தள்ளி இருக்கிறது,
அவனுக்குப் பதில் சொல்லக்
கட்டைவிரல் எட்டவில்லை.
ரெஜினாவிடம் சொல்ல வேண்டும்.