நிமிடத்துக்கு இருபது துளி

ராத்திரி டியூட்டி. பதினாலாம் கட்டில்.
சாமித்தம்பியின் சேலைன்
நிமிடத்துக்கு இருபது துளி.
மணிக்கூட்டை அருகே பிடித்து எண்ணுகிறேன்,
மூன்று செக்கனுக்கு ஒன்று.

விழுந்த துளியை எண்ணுவது எளிது.
விழாத துளி
குழாயின் நுனியில் கண்ணாடிப் பருவாக வீங்கி
வாறன் வாறன் என்று
வராமல் நிற்கும்.
அந்த இடத்தில்தான் எனக்கு அவசரம்.

எர்வின் பல்தசாரும் அதைத்தான் சொன்னார்,
டச்பாரில், அவர் வீட்டுக் கராஜில்,
பேஸ் கிற்றாரை மடியில் சாய்த்துக்கொண்டு:
"மிஸ்ஸி, நீங்க அடியில பிழை விடல்ல.
அடிக்கும் அடிக்கும் நடுவிலதான் ஓடுறீங்க."

நம்பவில்லை.
போனில் பதிந்த கல்யாணத்தைக் கேட்டேன்.
நூற்றுப் பத்தில் தொடங்கிய பைலா
முடியும்போது நூற்று இருபத்தெட்டு.
மாப்பிள்ளையின் மாமிமார்
சாரியைத் தூக்கிப் பிடித்தபடி
நாய் துரத்தியதுபோல் ஆடியிருக்கிறார்கள்.
நான்தான் அந்த நாய்.

மறுகா நாற்பதுக்கு இறங்கினேன்.
நாற்பது வேகமில்லை, வெட்டவெளி.
ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் இடையில்
ஊசிமருந்தின் கழுத்தை உடைத்து, இழுத்து,
காற்றையும் தள்ளிவிடலாம்போல் இருக்கும்.

வெளியைக் கூறுபோடச் சொல் வேண்டும்.
பஸ் கொண்டக்டரின் வாயிலிருந்து எடுத்தேன்:
இரண்டுக்கு டச்-பார்,
மூன்றுக்குக் கல்-ல-டி,
காத்-தான்-கு-டி நான்கு,
மட்-டக்-க-ளப்-பு என்றால் ஐந்து.
தூரம் ஒன்றுதான். பஸ்ஸும் ஒன்றுதான்.
ஏறுகிற சனம் கூடக்கூட
நெருக்கி இருக்க வேண்டும், அவ்வளவே.
கல்லடியிலிருந்து காத்தான்குடிக்கு மாறுகையில்
பஸ் நிற்குமுன் குதித்துவிடுகிறேன்.
ஒவ்வொரு தரமும்.

விடுதியில் பௌசியா பகலில் தூங்குவாள்.
ஆகவே தலையணையில் அடிக்கிறேன்.
தலையணை கம்பைத் திருப்பித் தராது.
போன கையை
நானே போய்க் கூட்டி வரவேண்டும்.
மணிக்கட்டு கொதிக்கக் கொதிக்கக்
காத்தான்குடி காத்தான்குடி காத்தான்குடி.
போர்வைக்குள்ளிருந்து குரல்:
"நாலாவது சுருங்குது புள்ள."
சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
பாட்டுக் கேட்கிற பழக்கமே இல்லாதவள்.

எர்வின் என் போனில் ஒரு விளையாட்டு வைத்துத் தந்தார்.
இரண்டு சுற்று டிக் கேட்கும்,
இரண்டு சுற்று ஊமை.
ஊமைக்குள்ளே தனியாக நடக்க வேண்டும்.
திரும்பிவரும் டிக்கில் சரியாக விழுந்தால்
டிக் கேட்காது,
உன் அடியே அதை மூடிவிடும் என்றார்.

மூன்று கிழமையாக
எனக்கு நன்றாகக் கேட்கிறது.

ஒருநாள் காலை, டியூட்டி முடிந்து,
கல்லடிப் பாலத்தில் ஸ்கூட்டியின் சில்லு
இணைப்புகளில் தட்டித் தட்டிப் போனது.
முப்பதில் ஓட்டினால் அது ஒரு நடை.
பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.
நான் கூட்டவில்லை.
வாழ்க்கையில் முதல்முறையாக
ஒருவன் என்னை மெதுவென்று திட்டினான்,
சந்தோசமாக இருந்தது.

இப்போது மூன்று மணி பத்து.
கரண்ட் போய்விட்டது.
வாட்டு முழுக்க ஊமை.
ஜெனரேற்றர் எழும்பும்வரை
துளி தெரியாது, மணிக்கூடு தெரியாது.
கட்டிலின் இரும்புச் சட்டத்தில் என் விரல்:
துளிக்கு இரண்டு டிக்,
டிக்குக்கு ஒரு காத்தான்குடி.
ஒன்று விழுந்திருக்கும்.
இரண்டு.
மூன்றாவது இப்போது.
அவசரம் தொண்டைவரை வந்து நிற்கிறது,
விழுங்கிக்கொள்கிறேன்.
நாலாவது,
காத், தான், கு,

வெளிச்சம்.

இருட்டிலேயே கண் விழித்திருந்த சாமித்தம்பி
"ஆரும்மா கதவத் தட்டுற?" என்கிறார்.

துளி குழாயின் நுனியில்
இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.
முந்திவிட்டேன்,
ஒரு "டி" அளவுக்கு.

விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு
அது விழட்டும் என்று நிற்கிறேன்.