வெள்ளைப் படிவு

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே
பாதை முடிகிற இடத்தில் உமரி தொடங்குகிறது.
பங்குனியில் சிவந்துவிடும்.
பூத்திருக்கிறது என்று வண்டியை நிறுத்திப்
படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.
பூ இல்லை. உப்பு.

ஐந்தேகாலுக்கு நான் தண்ணீரில் நிற்க வேண்டும்.
ராத்திரி முழுக்கச் சேறும் நண்டும் மூச்சிழுத்து முடித்து,
வெயில் ஏறிப் பாசி வேலைக்கு வருமுன்
எவ்வளவு காற்று மிச்சம் என்பதுதான் கணக்கு.
மாதம் இருமுறை. ஏழு இடம். பெட்ரோல் தனி.

எட்டாவது இடமும் வரைபடத்தில் உண்டு.
அது ஆந்திரம்.
அனுமதிக் கடிதம் இரண்டு வருடமாக
வந்துகொண்டே இருக்கிறது.
இறால் பண்ணையின் குழாய் அங்கே,
அது நள்ளிரவில் திறந்துவிடும் நாற்றம் இங்கே.
நடுவில் எல்லை என்று ஒரு சவுக்குக் கொம்பு,
அதில் கிழிந்த நீலப் பை.

ஏழாவது இடத்தில் செஞ்சம்மா இருந்தாள்.
இடுப்பளவு நீரில் குனிந்து,
பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு,
இரண்டு கையாலும் சேற்றைத் தடவியபடி.
வாயில் பறி இருக்கும்வரை பதில் வராது.
அதனால் எப்போதும் நான்தான் பேசுவேன்,
முகத்துவாரம் மூடியதை, மழை பொய்த்ததை,
என் மீட்டர் ரிப்பேரானதை.

அன்று அவளே பறியை எடுத்துக் கையில் பிடித்தாள்.
“பாட்டில் சாரு, இன்னிக்கி ஓடவே மாட்டேங்குது.
தானா வந்து கைல ஏறுது.”
பறி விளிம்புவரை வெள்ளை இறால்.
ஒன்றுகூடத் துள்ளவில்லை.

நான் பாட்டிலை அமிழ்த்திக் குமிழி நுழையாமல் மூடினேன்.
முதல் மருந்து, இரண்டாம் மருந்து.
குலுக்கி, வரப்பில் வைத்துக் காத்திருந்தேன்.
காற்று இருந்தால் டீக்கசடு மாதிரி பழுப்பு இறங்கும்.
மார்கழியில் நல்ல பழுப்பு இறங்கியது,
தையில் வெளிறியது.

இப்போது இறங்கியது வெள்ளை.
சுத்த வெள்ளை.

“பால் கணக்கா இருக்கே,” என்றாள். “நல்லதா?”

அவள் கண் பாட்டிலில் இல்லை, பறியில்.
மூத்தவனுக்குப் பள்ளிச் சீருடை வாங்க வேண்டுமென்று
போன தடவை கரையேறும்போது சொல்லியிருந்தாள்.
நான் மூடியை இன்னொரு தரம் இறுக்கினேன்.
இறுகியேதான் இருந்தது.

படிவத்தில் கடைசிக் கட்டம்: பிற குறிப்புகள்.
‘இறால் வரத்து மிக அதிகம்’ என்று எழுதினேன்.
அது உண்மை.
அலுவலகத்தில் யாரோ அதன் கீழே
பச்சை மையில் கோடு போட்டார்கள்,
அறிக்கையில் நல்ல செய்தியாகச் சேர்க்க.

ஏலத்தில் அவளுக்கு அறுநூற்று நாற்பது கிடைத்ததாம்.

பதினைந்து நாள் கழித்துப் போனேன்.
உமரி வேரடியில் ஒற்றைக் கொடுக்கு நண்டுகளின் பொந்துகள்
வாய் திறந்தபடி கிடந்தன.
எட்டிப் பார்க்க ஒரு கொடுக்கும் இல்லை.
செஞ்சம்மா அதே இடத்தில்
குனிந்து தடவிக்கொண்டிருந்தாள்.
பறி பக்கத்தில் மிதந்தது,
பல்லில் கடிக்கும்படி அதில் எதுவும் இல்லை.

வாய் சும்மாதான் இருந்தது.
அன்றைக்கும் நான்தான் பேசினேன்.