செம்புக்கையன், இதழ் 41

மல்லாவிச் சந்தியில்
வவுனியா பஸ் இறக்கிய பார்சலில்
நனையாத பிரதி ஒன்றுதான்.
நானும் கஜரூபனும் பாதிப் பாதிக் காசு.

போன இதழ் முடிந்தது
அணை வெடிக்கிற இடத்தில்.
இரண்டு மாதம்
அந்த வெடிப்போடு நித்திரை கொண்டோம்.

இப்போது பார்த்தால்
பதினொரு பக்கம் பறக்கிறான்.
மேகம், திரும்பவும் மேகம்,
பற்பசை விளம்பரம், மேகம்.
வில்லன் தன் சின்ன வயதைச் சொல்லி அழுகிறான்.
சனம் ஒளிந்த பங்கருக்குக்
கதவு கீறியிருக்கிறார்கள், கைபிடியோடு.
உள்ளே ஒருவர் நிமிர்ந்து நிற்கிறார்
காற்சட்டையில் மண்படாமல்.

"கீறினவன் ஒருநாளும் இறங்கியிருக்கமாட்டான்."
கஜரூபன் பிறந்தது அப்படியொன்றில்.
குந்தியிருக்கத்தான் உயரம் என்பாள் தாய்.

கடைசிக் கட்டத்தில்,
வெள்ளம் வடிந்த பிறகு,
இடுப்பில் கைவைத்து வந்து நிற்கிறான் செம்புக்கையன்.
தொடருமாம்.

யார் வைத்திருப்பதென்று
முதன்முறையாகச் சண்டை வரவில்லை.
வாய்க்கால் கரையில்
பணிஸ் வைக்க ஒரு தாள் கிழித்தோம்,
பறக்கிற தாள்.

கஜரூபன் பேனையெடுத்து
அந்தக் கதவின்மேல் மரக்குற்றி அடுக்கினான்,
மண்மூட்டை வைத்தான்.
ஆளைக் குனியவைக்கத்தான் முடியவில்லை.

நாற்பத்திரண்டுக்கு
நூறு ரூபாய் எடுத்துவைத்திருக்கிறேன்.
அவனிடம் சொல்லவில்லை.